‘பிடி’: ஒரு வினைச்சொல்லும் நம் தோட்டத்து வரலாறும்



இந்தக் கட்டுரை ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றியது. அது ‘பிடி’. இந்தச் சொல்லுக்கு மலாயில் என்ன என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் ‘சூக்கா’ என்பார்கள், மீதிப் பேர் ‘பெகாங்’ என்பார்கள். இரண்டும் சரிதான். ஆனால் “சம்பளத்துல எவ்வளவு பிடிச்சாங்க?” என்று வீட்டில் அப்பா கேட்கும்போது இந்த இரண்டுமே உதவாது. “கணக்கு இன்னும் பிடிபடல”, “ரெண்டு மணி நேரம் பிடிக்கும்”, “மழை பிடிச்சுக்கிச்சு” என்பவற்றுக்கும் இவை உதவாது.

அன்றாடம் புழங்கும் சின்ன வினைகளுக்குத்தான் பொருள் அதிகம். எல்லா மொழியிலும் இப்படித்தான். ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் ஆங்கிலத்தில் ‘ரன்’ என்ற ஒரே வினைக்கு 600-க்கும் மேற்பட்ட பொருள்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆங்கில ஆசிரியர்கள் ‘கேட்ச்’, ‘டேக்’, ‘கெட்’ என்று ஒவ்வொரு வினைக்கும் பட்டியல் போட்டு மரபுத்தொடர்களைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நாமும் ‘பிடி’க்கு ஒரு பட்டியல் போடலாம், கட்டுரையின் கடைசியில் போடவும் போகிறோம். ஆனால் நெகிரி செம்பிலானில் வளரும் பிள்ளைக்கு வெறும் பட்டியல் போதாது. இந்தச் சொல்லுக்குள் நம் தோட்டத்து வரலாறு இருக்கிறது. ‘பிடித்தான்’ என்ற வினை வரும் வாக்கியத்தில் தோட்டத் தொழிலாளி எந்த வேற்றுமையில் நிற்கிறார் என்று மட்டும் பாருங்கள், அந்த வரலாறு தெரியும். அதுதான் இந்தக் கட்டுரையின் செய்தி.

சொல்லை முதலில் அறிவோம்

‘பிடி’ என்ற பகுதியிலிருந்து பிடிக்கிறான், பிடித்தான், பிடிப்பான் என்று வினைமுற்றுகள் வரும். பிடித்தல், பிடிப்பு, பிடித்தம் ஆகியவை விகுதி பெற்ற தொழிற்பெயர்கள். “அவன் பிடி தளரவில்லை” என்னும்போது விகுதி எதுவும் இல்லாமல் பகுதியே பெயராக நிற்கிறது. இதுதான் முதனிலைத் தொழிற்பெயர். அடி, உதை என்பனபோல. “ஒரு பிடி சோறு” என்னும்போது அதே சொல் அளவைப் பெயராகிறது, அதாவது கைக்குள் அடங்கும் அளவு.

பழந்தமிழில் பெண் யானைக்கும் ‘பிடி’ என்று பெயர். களிறு ஆண், பிடி பெண். தொல்காப்பிய மரபியலிலும் இந்தப் பெயர் இருக்கிறது. அதை இந்த வினையோடு கலந்து குழப்பிக்கொள்ள வேண்டாம். தேர்வில் ‘ஒரு சொல் பல பொருள்’ என்று கேட்டால் மட்டும் எழுதுங்கள்.

வினையின் அடிப்படைப் பொருள் ‘கையால் பற்றுதல்’. மற்ற பொருள்கள் எல்லாம் அதிலிருந்து கிளைவிட்டவை. பற்றினால் நம் வசம் வருகிறது, அதனால் மீன் பிடிக்கிறோம். வசமானதை விடாமல் வைத்திருக்கிறோம், அதனால் மூச்சைப் பிடிக்கிறோம். சில நேரம் நாம் பற்றுவதில்லை, நம்மை ஒன்று பற்றிக்கொள்கிறது, அதனால் சளி பிடிக்கிறது, பேய் பிடிக்கிறது. கையால் உருவாக்கும் வேலைக்கும் இதே சொல்தான்: கொழுக்கட்டை பிடிக்கிறோம், சாணத்தில் பிள்ளையார் பிடிக்கிறோம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிவதும் உண்டு!

இந்தப் பொருள்கள் எதுவும் மலாயாவில் பிறக்கவில்லை. தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் கொண்டுவந்த சொல் இது. ஆனால் எந்தப் பொருள் எந்தக் காலத்தில் வாயில் அதிகம் புழங்கியது என்பதைத் தோட்ட வாழ்க்கை தீர்மானித்தது.

ஆளைப் பிடித்த காலம்: இரண்டாம் வேற்றுமை

சி ரூசா, போர்ட்டிக்சன் மாவட்டத்தின் முக்கிம்களில் ஒன்று. ‘ரூசா’ என்றால் மலாயில் மான். இன்று கடற்கரைப் பக்கம் ஹோட்டல்களும் விடுமுறை வீடுகளுமாக இருக்கின்றன. உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் செம்பனை. அதற்கு முன்பு அங்கெல்லாம் ரப்பர். சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த இருப்புப்பாதை 1891-இல் திறக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி பெருகி ரப்பருக்குக் கிராக்கி ஏறியதும் லுக்குட், லிங்கி, சுவா பெத்தோங் என்று இந்த வட்டாரம் முழுதும் ரப்பர்க் காடு பரவியது. காடு இருந்தால் போதுமா? ஆள் வேண்டும்.

“ஆள் பிடிக்கக் கங்காணி ஊருக்குப் போயிருக்காரு.” தோட்டத்தில் பழக்கப்பட்ட வாக்கியம் இது. கண்காணிப்பவர் கங்காணி. தோட்டத்து வேலையாட்களில் ஒருவரையே நிர்வாகம் தேர்ந்தெடுத்து, உரிமம் வாங்கிக் கொடுத்து, அவருடைய சொந்த ஊருக்கு அனுப்பும். திருச்சி, தஞ்சாவூர், சேலம், தென் ஆற்காடு, வட ஆற்காடு, மதுரை, இராமநாதபுரம் என்று அவரவர் ஊர்ப்பக்கம் போய், உறவுக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் திரட்டி வருவார். ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமில் தங்கவைத்து, கப்பலேற்றி, பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ தடுப்பு முகாமில் வைத்திருந்து, பிறகு தோட்டத்துக்கு அனுப்புவார்கள். தான் கொண்டுவந்த ஆட்கள் வேலைக்கு இறங்கும் நாள்களைக் கணக்கிட்டு கங்காணிக்குக் காசு கிடைத்தது. அதற்குத் ‘தலைக்காசு’ என்று பெயர். பெயரைக் கவனியுங்கள், தலையை எண்ணிக் காசு!

இதற்கு முன்பிருந்தது ஒப்பந்தக் கூலிமுறை. அதில் பிடி இன்னும் இறுக்கம். ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடினால் அது குற்றம், பிடிபட்டால் தண்டனை. மலாயாவில் அந்த முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. கங்காணி வழியே அரசு உதவியுடன் ஆள் சேர்ப்பதும் 1938-இல் நின்றது. தோட்டங்களில் கூலியைக் குறைத்ததை ஒட்டி, உதவி பெற்று மலாயாவுக்குப் போகும் உடலுழைப்புத் தொழிலாளர்களை இந்திய அரசு அந்த ஆண்டு தடுத்துவிட்டது.

இப்போது இலக்கணத்துக்கு வருவோம். “கங்காணி ஆளைப் பிடித்தார்.” எழுவாய் கங்காணி. தொழிலாளி ‘ஆளை’ என்று இரண்டாம் வேற்றுமையில், செயப்படுபொருளாக நிற்கிறார். மீனைப் பிடிப்பது, முயலைப் பிடிப்பது, ஆளைப் பிடிப்பது எல்லாம் ஒரே வாக்கிய அமைப்பு. ‘ஆள் சேர்த்தல்’ என்று சொல்லியிருக்கலாம், ‘வேலைக்கு அழைத்தல்’ என்று சொல்லியிருக்கலாம். மக்கள் அப்படிச் சொல்லவில்லை. பிடித்தல் என்றே சொன்னார்கள். தங்களுக்கு நடந்ததைச் சரியாகப் பார்த்தவர்கள் தேர்ந்தெடுத்த சொல் அது.

பிடித்தம்: தொழிலாளி காணாமல் போன வாக்கியம்

கப்பற்செலவு யாருடையது? தொடக்க காலத்தில் தொழிலாளியினுடையதுதான். முன்பணம், வழிச்செலவு எல்லாம் கடனாக எழுதப்பட்டு, கூலியிலிருந்து கழிக்கப்பட்டன. அதாவது வேலைக்கு வந்து சேரும் முன்பே கடனாளி. 1907-இல் குடியேற்ற நிதி ஒன்று தொடங்கப்பட்டது. தோட்ட முதலாளிகள் செலுத்தும் தீர்வையிலிருந்து பயணச் செலவை அந்த நிதி ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு அந்த வழியில் வந்தவர்கள் பயணக் கடன் இல்லாமல் இறங்க முடிந்தது. மலாயாத் தொழிலாளர் வரலாற்றில் இது முக்கியமான திருப்பம், தேர்வுக் கட்டுரையில் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

பயணக் கடன் போனாலும் ‘பிடித்தம்’ போகவில்லை. அரிசிக்குப் பிடித்தம், கடைக்கணக்குக்குப் பிடித்தம், வாங்கிய முன்பணத்துக்குப் பிடித்தம். 1920-களின் இறுதியில் வகுக்கப்பட்ட தரக்கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. காலையில் மழை பிடித்துக்கொண்டால் பட்டை ஈரமாகிப் பால் வெட்ட முடியாது, அன்றைக்கு அந்தக் காசும் இல்லை. மாதக் கடைசியில் சம்பள மேசைக்கு முன்னால் நிற்கும்போது மிஞ்சுவது எவ்வளவு என்பது பிடித்தத்தைப் பொறுத்தது.

“கிராணி சம்பளத்தில் பிடித்துவிட்டார்.” இந்த வாக்கியத்தைப் பாருங்கள். எழுவாய் கிராணி. ‘சம்பளத்தில்’ என்பது ஏழாம் வேற்றுமை. தொழிலாளி எங்கே? வாக்கியத்திலேயே இல்லை! முந்தைய வாக்கியத்தில் செயப்படுபொருளாகவாவது இருந்தார். இதில் அவருடைய சம்பளம் மட்டுமே இருக்கிறது.

1951-இல் ஊழியர் சேமநிதி வந்தது. அதுவும் பிடித்தம்தான். ஆனால் இது வேறு வகைப் பிடித்தம். தொழிலாளியிடம் பிடித்ததோடு முதலாளியும் தன் பங்கைப் போட வேண்டும். முதுமையில் அந்தப் பணம் வட்டியோடு கைக்கு வரும். இன்று 60 வயதுக்கு உட்பட்ட மலேசிய ஊழியரிடம் சட்டப்படி பிடிக்கப்படுவது 11 விழுக்காடு. பிடித்தம் என்ற ஒரே சொல், திரும்பி வராத பணத்துக்கும் திரும்பி வரும் பணத்துக்கும் பயன்பட்டது. அதனால்தான், சேமநிதி வந்தபோது, “இதையும் பிடிக்கிறானுங்களா?” என்று முதலில் சந்தேகம் எழுந்திருந்தாலும் வியப்பதற்கில்லை.

மலாயில் இதை ‘போத்தோங் காஜி’ என்கிறார்கள், அதாவது சம்பளத்தை வெட்டுதல். இப்போது நம் பிள்ளைகளும் “ஈ.பி.எஃப். கட் பண்றாங்க” என்றே சொல்கிறார்கள். வெட்டியது போய்விட்டது என்று பொருள். பிடித்தது எங்கேயோ இருக்கிறது என்று பொருள். சேமநிதிக்கு எது பொருத்தமான சொல்? மாணவர்களிடம் கேட்டு விவாதிக்க வைக்கலாம்.

சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள்

ஜப்பானிய ஆட்சியில் ‘ஆள் பிடித்தல்’ மிகக் கொடிய பொருளுக்குப் போனது. சயாமிலிருந்து பர்மாவுக்கு ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானியர் 1942-43-இல் இருப்புப்பாதை அமைத்தார்கள். போர்க்கைதிகள் மட்டும் போதவில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் கொண்டுபோகப்பட்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் தமிழர். தொடக்கத்தில் நல்ல கூலி, சில மாத வேலை என்று ஆசை காட்டினார்கள். பிறகு வலுக்கட்டாயமாகப் பிடித்தார்கள். கொண்டுபோனவர்களில் பெருந்தொகையினர் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் இந்தக் காலத்தைப் பற்றியதுதான். மேல்படிவ மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டிய நூல்.

“அவரை சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க.” தோட்டக் குடும்பங்களில் சொல்லப்படும் இந்த வாக்கியத்தில் எழுவாயைக்கூடச் சொல்வதில்லை. யார் பிடித்தார்கள் என்று கேட்கத் தேவையில்லை. ‘அவரை’ என்ற இரண்டாம் வேற்றுமை மட்டும் தெளிவாக இருக்கிறது. அந்த ஒருவர்தான் திரும்பி வராதவர்.

சின்னப் பிள்ளைகளை “பிள்ளை பிடிக்கிறவன் வர்றான்” என்று பயமுறுத்தும் வழக்கம் தமிழ்நாட்டிலும் உண்டு. ஆனால் ஆள் பிடிப்பதை நேரில் கண்ட தோட்டத்தில், அந்த மிரட்டல் வெறும் கதையாக மட்டும் இருந்திருக்காது.

கொடி பிடித்தவர்கள்: எழுவாய் மாறுகிறது

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர்.எச். நாதன் அதன் முக்கியத் தலைவர். கூலி உயர்வு மட்டும் அவர்கள் கேட்கவில்லை. துரையோ கிராணியோ எதிரே வந்தால் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து, தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடு என்பனவும் கோரிக்கைகள். நாதன் நாடு கடத்தப்பட்டார். படை இறக்கப்பட்டது, தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். அடக்கிவிட்டார்கள் என்றாலும், மக்கள் கேட்டது மரியாதை என்பது பதிவாகிவிட்டது.

போர் முடிந்த பிறகு நெகிரி செம்பிலானிலும் தொழிற்சங்கம் வலுத்தது. 1940-களின் பிற்பகுதியில் இங்கே தோட்டத் தொழிலாளர்களை ஒன்றுதிரட்டியவர்களில் பி.பி. நாராயணன் முக்கியமானவர். மாநிலந்தோறும் தனித்தனியாக இருந்த சங்கங்கள் இணைந்து 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. அதை நீண்ட காலம் வழிநடத்தியவரும் அவரே.

“தொழிலாளர்கள் கொடி பிடித்தார்கள்.” எழுவாய் யார்? தொழிலாளர்கள்! அதே வினை, அதே பகுதி. ஆனால் முன்பு ‘ஆளை’ என்று இருந்தவர் இப்போது முதல் வேற்றுமைக்கு வந்துவிட்டார். அவர் பிடிக்கிறார். ‘கொடி பிடித்தல்’ என்பதற்கு எதிர்ப்புத் தெரிவித்தல் என்ற மரபுப் பொருளும் இங்கே சேர்ந்து நிற்கிறது.

1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். வேலையும் லயத்து வீடும் ஒரே நாளில் போகும் நிலை. அப்போது துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களே சிறு தவணைகளாகப் பங்குப் பணம் கட்டி, தோட்டங்களை வாங்குவது திட்டம். ‘இடம் பிடித்தல்’ என்ற தொடருக்கு நம் வரலாற்றில் இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு உண்டா? எல்லாருக்கும் இடம் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் வேலையாட்களின் தேவை குறைந்தது. குடும்பங்கள் தோட்டத்தை விட்டு வெளியேறிச் சிரம்பான், போர்ட்டிக்சன் பக்கத்துத் தாமான்களில் வாடகைக்கு வீடு பிடித்தன. அதுவும் ஒரு ‘பிடி’தான்.

பள்ளிக்கூடத்தையும் சொல்ல வேண்டும். 1923-இன் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ஏழு முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பள்ளி வந்தது, பிள்ளைகள் வர வேண்டுமே? பால் வெட்டும் அப்பா அம்மாவுக்கு உதவப் போன பிள்ளைகளை வாத்தியார் வீடு வீடாகப் போய் அழைத்து வர வேண்டியிருந்தது. இன்று முதலாம் ஆண்டு மாணவர் பதிவு நேரத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், “பிள்ளை பிடிக்கப் போகணும்” என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோம். சிரிப்புத்தான். ஆனால் பள்ளி நிலைக்குமா என்ற கவலையும் அதில் உண்டு.

எனக்குப் பிடிக்கும்: நான்காம் வேற்றுமை

மாணவர்கள் அதிகம் அறிந்த பொருளுக்குக் கடைசியில் வந்திருக்கிறோம். “எனக்கு இந்த ஊர் பிடிக்கும்.” இங்கே ‘எனக்கு’ என்பது நான்காம் வேற்றுமை. ‘பிடிக்கும்’ என்ற வினைமுற்று ‘ஊர்’ என்ற அஃறிணைப் பெயரோடு இயைகிறது. இன்னொரு வாக்கியம் பாருங்கள்: “அவளை எனக்குப் பிடிக்கும்.” இதில் ‘அவளை’ இரண்டாம் வேற்றுமை, ‘எனக்கு’ நான்காம் வேற்றுமை. எழுவாயே வெளிப்படவில்லை. விருப்பம் என்பது நான் செய்யும் செயல் அல்ல, எனக்கு நேர்வது என்று தமிழ் கருதுகிறது போலும். மலாயில் ‘சாயா சூக்கா’ என்று ‘நான்’ எழுவாயாகிறது. அந்தப் பழக்கத்தில் நம் மாணவர்கள் “நான் இந்தப் புத்தகம் பிடிக்கும்” என்று எழுதிவிடுகிறார்கள். இது பிழை. “எனக்கு இந்தப் புத்தகம் பிடிக்கும்” என்பதே சரி.

இனி வரலாற்றோடு சேர்த்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டு வரப்பட்டவரின் பேரப்பிள்ளை, “எனக்கு இந்த ஊர் பிடிக்கும்” என்கிறார். இரண்டாம் வேற்றுமையிலிருந்து நான்காம் வேற்றுமைக்கு வர மூன்று தலைமுறை பிடித்திருக்கிறது.

இன்று யாரைப் பிடிக்கிறார்கள்?

இதோடு நிறுத்தினால் கட்டுரை இனிமையாக முடிந்துவிடும். ஆனால் வரலாறு முடியவில்லை. நம் மாநிலத்துச் செம்பனைத் தோட்டங்களில் இன்று வேலை செய்பவர்களில் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளியர் பலர். அவர்களையும் ஊரில் முகவர்கள் சேர்க்கிறார்கள். பலர் முகவர் கட்டணத்துக்காகக் கடன் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். இங்கே வந்த பிறகு அந்தக் கடனை அடைக்க உழைக்கிறார்கள். 1907-க்கு முன்பு வந்த நம்மவர் நிலையும் இதுதானே?

சில இடங்களில் தொழிலாளியின் கடப்பிதழை வாங்கிப் பிடித்து வைத்துக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. உரிய அதிகாரம் இல்லாமல் இன்னொருவரின் கடப்பிதழை வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். “காண்ட்ராக்டர் ஆள் பிடிச்சிட்டு வந்திருக்காரு” என்று இன்று நம் வாயிலேயே வருகிறது. அந்த ‘ஆளை’ என்ற இடத்தில் ஒருகாலத்தில் யார் நின்றார்கள் என்பது தெரிந்தால், அதைச் சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தயங்கும். இந்தச் சொல்லை வரலாற்றோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

தேர்வுக்கு: நான்கு குறிப்புகள்

1. ‘ஐ’ போட்டுப் பாருங்கள். ஒரு தொடர் நேர்ப்பொருளில் வருகிறதா, மரபுத்தொடரா என்று அறிய ‘ஐ’ உருபைச் சேர்த்துப் பாருங்கள். ‘மீன் பிடித்தான்’ என்பதை ‘மீனைப் பிடித்தான்’ என்றால் பொருள் மாறவில்லை, எனவே நேர்ப்பொருள். ‘காக்கா பிடித்தான்’ என்பதைக் ‘காக்காயைப் பிடித்தான்’ என்றால் முகத்துதி போய்ப் பறவை வந்துவிடுகிறது, எனவே மரபுத்தொடர். ‘அடம் பிடித்தான்’ என்பதை ‘அடத்தைப் பிடித்தான்’ என்று யாருமே சொல்வதில்லை, அதுவும் மரபுத்தொடர். (‘கால் கை பிடித்தல்’ என்பதே ‘காக்கா பிடித்தல்’ ஆனது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள்.)

2. வலி மிகும் இடம், மிகா இடம். ‘கொடி பிடித்தான்’ என்பது இரண்டாம் வேற்றுமைத் தொகை, இங்கே வலி மிகாது. ‘கொடியைப் பிடித்தான்’ என்று உருபு வெளிப்பட்டால் மிகும். ‘எனக்குப் பிடிக்கும்’ என்று நான்காம் உருபுக்குப் பின்னும் மிகும்.

3. கடைப்பிடி, கடைபிடி. ‘விதிகளைக் கடைப்பிடித்தான்’ என்பதில் ‘ப்’ கட்டாயம். அது விடாமல் பின்பற்றுதல். ‘ப்’ இல்லாமல் ‘கடை பிடித்தான்’ என்று எழுதினால் வியாபாரத்துக்குக் கடை பார்த்தான் என்று பொருளாகிவிடும்! ஆண்டுதோறும் இந்த இடத்தில் புள்ளிகள் போகின்றன.

4. ஆங்கிலத்தோடு ஒப்பிடும்போது கவனம். மீன், பஸ், சளி, தீ ஆகிய நான்குக்கும் ஆங்கிலத்தில் ‘கேட்ச்’ வரும், தமிழில் ‘பிடி’ வரும். இங்கே இரண்டும் ஒத்துப்போகின்றன. ஆனால் நேரம் பிடித்தல், படம் பிடித்தல் ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் ‘டேக்’. கொழுக்கட்டை பிடித்தலுக்கு இரண்டுமே பொருந்தா. ஒரு மொழியின் மரபை அப்படியே தூக்கி மற்றொன்றில் வைக்காதீர்கள்.

மரபுத்தொடர்ப் பட்டியல்

- பிடி கொடுக்காமல் பேசுதல் – தெளிவான பதில் தராமல் நழுவுதல்
- பிடிபடுதல் – அகப்படுதல், விளங்குதல்
- தூக்கிப் பிடித்தல் – ஒன்றை உயர்த்திப் பேசுதல்
- உடும்புப் பிடி – சற்றும் தளராத உறுதி
- புலி வாலைப் பிடித்தல் – விடவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் தவித்தல்
- தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் எனல் – தவறு என்று தெரிந்தும் தன் கருத்தையே சாதித்தல்
- முதலிடம் பிடித்தல் – போட்டியில் முதலாவதாக வருதல்
- கைப்பிடித்தல் – மணம் செய்துகொள்ளுதல்

வகுப்புப் பணி

படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கு ஒரு பணி கொடுங்கள். தோட்டத்தில் வாழ்ந்த பாட்டி, தாத்தா, அண்டை வீட்டுப் பெரியவர் யாராவது ஒருவரிடம் அரை மணி நேரம் பேச வேண்டும். பேச்சில் ‘பிடி’ வரும் வாக்கியங்களில் ஐந்தையாவது அவர்கள் சொன்னபடியே பேச்சுவழக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். “பிடி என்றால் என்ன?” என்று நேராகக் கேட்க வேண்டாம், அது பலிக்காது. எப்படி இங்கே வந்தார்கள், சம்பள நாள் எப்படி இருக்கும், மழை நாளில் என்ன செய்வார்கள், சங்கத்தில் இருந்தார்களா என்று கேட்டால் சொல் தானாக வரும். பிறகு ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய் யார், செயப்படுபொருள் யார், பேசுகிறவர் எந்த வேற்றுமையில் நிற்கிறார் என்று வகுப்பில் பிரித்துப் பார்க்கலாம். இலக்கணப் பாடமும் வரலாற்றுப் பாடமும் வாய்மொழித் தேர்வுக்கான பயிற்சியும் ஒன்றாக முடிந்துவிடும்.

லயங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு வருகின்றன. அங்கே பேசப்பட்ட தமிழைக் காதால் கேட்டவர்களுக்கும் வயதாகிறது. இந்த ஆண்டே கேட்டு எழுதி வையுங்கள்.